திருப்பி அனுப்பாத தபால்காரர்

சீடருக்கு அறுபது தாண்டியிருந்தது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. குமரிக் கடற்கரையில், வலைகள் போட்டுவைக்கும் கிட்டங்கி ஒன்றின் மாடியில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மடிக்கணினி.

சீடர் பெயர் தாணுமாலயன். அந்தக் கரையோரம் முழுக்கத் தபால் கொண்டுபோய்க் கொடுத்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுச்சென்ற பழைய கணினியில், தட்டித் தடவி நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். மிச்சத்தைக் கற்க இந்த மாடிக்கு வந்தார்.

குரு பெயர் பிரிஜித்தா. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் எடுத்ததால் ஊரில் எல்லாருக்கும் அவர் டீச்சர். தாணுமாலயனுக்கும் டீச்சர்தான்.

டீச்சரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்காக ஒரு கையேடு எழுதி வந்தார்கள். எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது, வயர்லெஸ் பேசாவிட்டால் என்ன செய்வது, கையில் மீன் முள் ஏறினால் என்ன செய்வது என்று எல்லாம் அதில் இருந்தது. நடுக்கடலில் நெட் கிடைக்காது. அதனால் கையேடு முழுவதும் போனுக்குள்ளேயே தனித்தனிப் பக்கங்களாக, தனித்தனி ஃபோல்டர்களில் கிடக்கும். ஒரு பக்கத்தில் 'இங்கே தொடவும்' என்று இருந்தால், தொட்டதும் அடுத்த பக்கம் திறக்க வேண்டும்.

திறக்குமா என்று கரையிலேயே பார்த்துவிட ஒரு சின்ன நிரல் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் எந்தப் பக்கத்தைக் கைகாட்டுகிறதோ, அது அங்கே இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் கத்தும்.

அந்த நிரலுக்குத்தான் கோளாறு. இருக்கிற பக்கத்தையும் இல்லை என்று கத்தியது. கத்திக் கத்தி, கடைசியில் அது கத்துவதை யாருமே காதில் போட்டுக்கொள்வதில்லை என்றாகிவிட்டது.

தாணுமாலயன் அதைத் திருத்தி டீச்சரின் பார்வைக்கு அனுப்பியிருந்தார். ஏற்கெனவே ஒரு தடவை அனுப்பி, அது திரும்பி வந்துவிட்டது. இதுவும் திரும்பி வந்தால் இனி அந்த மாடிப்படி ஏறுவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்புகிற நேரம் அது. இந்த முறை கையேட்டோடு தன் கைவேலையும் கடலுக்குப் போக வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

டீச்சர் நிரலை ஓடவிட்டார். திரையில் ஒன்றும் வரவில்லை.

“ரொம்ப அமைதியா இருக்கு, அண்ணாச்சி.”

“ஆமா டீச்சர். ஒரு சத்தம் கிடையாது.”

“என்ன செஞ்சீங்க?”

“பழைய நிரலு வீட்டு வாசல்லயே நின்னுகிட்டு எல்லாரையும் தேடிச்சு. ஃபோல்டர்தான் ரூம்னு வச்சுக்கிடுங்க. உள் ரூம்ல படுத்திருக்கிற ஆளை வாசல்ல தேடினா கிடைப்பானா? அதான் கத்திச்சு. நான் என்ன சொல்லிட்டேன்னா, சொன்ன இடத்துல இல்லியா, பக்கத்து ரூம்ல பாரு. அங்கயும் இல்லியா, அடுக்களையில பாரு, மச்சுல பாரு. பேரு எங்க ஒத்துப்போகுதோ, ஆள் இருக்கான்னு எடுத்துக்க.”

“தபால்காரர் வேலை.”

“அதேதான்!” தாணுமாலயன் குரலில் ஒரு மிதப்பு வந்தது. “விலாசம் தப்புன்னு சொல்லி ஒரு தபாலைக்கூட நான் திருப்பி அனுப்பினது கிடையாது டீச்சர். தெருப் பேரும் இல்லாம, வீட்டு நம்பரும் இல்லாம, ‘பல்லு உயர்ந்த மரியதாசு’ன்னு மட்டும் எழுதி ஒரு கடிதம் வந்துச்சு. அதையும் கொண்டு கொடுத்தேன்.”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“ஊருல நாலு மரியதாசு. எல்லாரையும் சிரிக்க வச்சுப் பாத்தேன்.”

“கிடைச்ச மரியதாசு என்ன சொன்னாரு?”

“கடிதத்தை வாங்கிக்கிட்டாரு. அப்புறம் கொஞ்ச நாளு எங்கூட பேசல.”

டீச்சர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கணினியை மூடினார்.

“நல்லா இருக்கா, இல்லியா? அதச் சொல்லுங்க டீச்சர்.”

“வாங்க, துறைமுகம் வரைக்கும் போயிட்டு வருவோம்.”

“திரும்பி வருமா வராதான்னுதான் கேட்டேன்.”

“செருப்பைப் போடுங்க அண்ணாச்சி.”

துறைமுகத்தில் இரைச்சலாக இருந்தது. மறுநாள் மதியம் கிளம்ப வேண்டிய படகு ஒன்றில், பனிக்கட்டியை அரைத்து அடியிலுள்ள கிடங்குக்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மேல்தட்டில் நின்று ஒருவர் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். அவர் ததேயுஸ். படகை ஓட்டுவதும் அவர்தான், படகில் போகிறவர்களுக்குத் தலைவரும் அவர்தான்.

“என்னவோய் போஸ்ட்மேனே!” என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார். “ரிட்டயர் ஆன பொறவும் விட மாட்டீரா? யாருக்கு என்ன வந்திருக்கு?”

“உமக்குத்தான். கோர்ட்டு நோட்டீசு.”

“கொண்டு வாரும். ஐசுக்குள்ள போட்டு வைப்போம். கெடாம இருக்கும்.”

டீச்சர் படகில் ஏறி, ததேயுஸ் போனில் புதுக் கையேட்டைப் போட்டுக் கொடுத்தார். நிரல் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் விட்ட கையேடு.

“ததேயுஸ் அண்ணா, எஞ்சின் ரூமுக்குள்ள வச்சு இதை ஒண்ணு பாத்துச் சொல்லணும்.”

“எஞ்சின் நல்லாத்தானே இருக்கு?”

“நின்னுபோச்சுன்னு வச்சுக்கிடுங்க.”

“நாளைக்குக் கிளம்புற படகுல ஏறி நின்னுகிட்டுச் சொல்லுற வார்த்தையா டீச்சர் இது?” என்று முணுமுணுத்தாலும், ததேயுஸ் குனிந்து ஏணியில் இறங்கினார். மற்ற இருவரும் பின்னால் இறங்கினார்கள்.

உள்ளே டீசல் வாடையும் வெக்கையும் முகத்தில் அடித்தன. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

ததேயுஸ் பக்கத்தைத் திறந்து, எழுத்துக்கூட்டுகிற மாதிரி நிதானமாக வாசித்தார். “எஞ்சின் தானாக நின்றுபோனால், முதலில் டீசல் ஃபில்டரைப் பார்க்கவும். ஃபில்டர் மாற்றும் முறைக்கு இங்கே தொடவும்.”

தொட்டார். வெள்ளையாக ஒரு திரை வந்தது. கட்டைவிரலைக் கைலியில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார்.

“ஒண்ணையும் காணோம்.”

“அழுத்தித் தொடும்,” என்றார் தாணுமாலயன்.

“இதுக்கு மேல அழுத்தினா விரலு அந்தப் பக்கமா வெளிய வந்துரும் ஓய்.”

“இருக்கும். எங்கயாவது இருக்கும். நிரலு தேடிப் பாத்து இருக்குன்னு சொல்லியாச்சே. இங்க தாரும்.”

தாணுமாலயன் போனை வாங்கிக்கொண்டார். கையேட்டின் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். தெருத்தெருவாகப் போய் வந்த மனிதர் அல்லவா, அலுக்கவில்லை. ஒன்றில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது. ஃபில்டர் என்று அதே பெயர்.

“இந்தா! நான் சொன்னேனா இல்லியா?”

ததேயுஸ் வாங்கி வாசித்தார். “ஃபில்டரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி...” நிறுத்தினார். புருவத்தைத் தூக்கினார். “டீசல் ஃபில்டரைத் தண்ணியில அலசவா? என் எஞ்சின் மேல உமக்கு என்ன கோவம்?” இன்னும் கொஞ்சம் கீழே பார்த்தார். அப்புறம் படகு அதிரச் சிரித்தார். “ஓய், இது குடிதண்ணி ஃபில்டரு! இதைப் படிச்சு ரிப்பேர் பாத்தா எஞ்சின் ஓடாது. வேணும்னா எஞ்சினுக்குத் தாகம் தீரும்.”

தாணுமாலயன் சிரிக்கவில்லை. நிரல் ஏன் சத்தம் போடாமல் இருந்தது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பெயர் ஒத்துப்போன ஆளைப் பார்த்ததும், அவன்தான் இவன் என்று அது திரும்பி வந்துவிட்டது. ஊரில் நாலு மரியதாசு இருந்தால் நாலு பேரையும் சிரிக்கவைத்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

அவர் மறுபடி போனை வாங்கினார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டச் சொட்டத் தேடினார். டீசல் ஃபில்டர் பக்கத்தை யாரோ வேறு பெயர் போட்டுப் பராமரிப்பு ஃபோல்டருக்குள் மாற்றியிருந்தார்கள். மாற்றியவர், அதைக் கைகாட்டும் பக்கத்தில் திருத்த மறந்திருந்தார்.

“இதான். இதுதான் சரியான பக்கம்,” என்று நீட்டினார்.

ததேயுஸ் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். “சுத்தமா எழுதியிருக்கு. சரி, அப்ப ஒண்ணு செய்யும். வீட்டுல போயி ரெண்டு சட்டை எடுத்துட்டு வந்துரும்.”

“எதுக்கு?”

“நாளைக்கு நீரும் கூட வரணும்லா? நடுக்கடல்ல எஞ்சின் நின்னா, பக்கத்தைத் தேடி எடுத்துத் தர ஆள் வேண்டாமா? மீனுல பங்கு தருவோம். வாந்தி எடுக்கணும்னா மட்டும் தலையை வெளிய நீட்டிக்கிடணும்.”

தாணுமாலயன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்புகையில் அலைத்தடுப்புக் கல்லோரமாக நடந்தார்கள்.

“அப்போ இதுவும் திரும்பி வந்துட்டு. அப்படித்தானே?” என்றார் தாணுமாலயன்.

டீச்சர் நடையை நிறுத்தவில்லை. “மரியதாசுக்குக் கடிதம் போட்டவரு, அடுத்த தடவை என்ன விலாசம் எழுதினாரு?” என்று கேட்டார்.

“அதே விலாசந்தான். பல்லு உயர்ந்த மரியதாசு.”

“அவருகிட்ட யாரும் சொல்லலியா, இது பத்தாதுன்னு?”

“யாரு சொல்லுவா? அதான் கடிதம் போய்ச் சேந்துருச்சே.”

சொல்லிவிட்டுத் தாணுமாலயன் நின்றார். டீச்சரும் நின்றார். ஒரு அலை வந்து கல்லில் மோதி, இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது.

“அப்போ நான் செஞ்சது தப்பா டீச்சர்? சர்வீஸ் பூரா?”

“தப்பு இல்ல அண்ணாச்சி. அங்க நீங்க இருந்தீங்க. நடுக்கடல்ல இருக்க மாட்டீங்க.”

அவர் கடலைப் பார்த்தபடி நின்றார். “எழுதினதை எடுத்துத் தூரப் போட்டுரட்டுமா?” என்று கேட்டார்.

“எதை?”

“வீடு பூரா தேடச் சொன்னேனே, அதை.”

“தேடுறதை ஏன் எடுக்கணும்? கண்டுபிடிச்சதும் வாயை மூடிக்கிடுதே, அதை எடுங்க.”



வீட்டுக்கு வந்ததும் மனைவி நீலம்மை அவர் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். “அப்ப நாளையிலேருந்து படி ஏறப் போறதில்ல. கால்முட்டுக்கு நல்லது,” என்றாள்.

அவர் கணினியைத் திறந்தார்.

“உங்களைத்தான். காதுல விழுதா?”

“ஒரு காப்பி தா,” என்றார்.

மறுநாள் காலையில் திருத்திய நிரல் டீச்சரிடம் போனது. இப்போது அது வாசலில் நிற்கவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் போய், அங்கே நின்று, அந்தப் பக்கம் கைகாட்டுகிற இடத்தில் மட்டும் பார்த்தது. அங்கே இல்லையென்றால் கத்தியது. கத்திய பிறகுதான் வீடு முழுக்கத் தேடப் போனது. போய்விட்டு வந்து, ‘இதே பெயரில் குடிநீர் ஃபோல்டரில் ஒன்று இருக்கிறது, பராமரிப்பில் ஏறக்குறைய இதே மாதிரி ஒன்று இருக்கிறது, நீங்கள் சொன்னது எது?’ என்று கேட்டது.

டீச்சர் ஓடவிட்டார். நிரலின் கத்தலில் பாதித் திரை நிறைந்தது.

மாடியில் உட்கார்ந்து கையேடு எழுதுகிற மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். “அண்ணாச்சி, நேத்து வரைக்கும் சாதுவா இருந்துச்சே, இன்னிக்கு ஏன் எல்லாரையும் கடிக்குது?” என்று ஒருவர் கேட்டார்.

“உன் பக்கத்தைத் திறந்து பாரு தம்பி.”

அவர் பார்த்தார். அப்புறம் திருத்தினார். மற்றவர்களும் அவரவர் பக்கத்தைத் திறந்தார்கள். ஒவ்வொரு சத்தமாக அடங்கிக்கொண்டே வந்தது. நிரல் கத்திய இடத்தில் எல்லாம் உண்மையாகவே தப்பு இருந்தது.

“டீச்சர், நிரலைச் சேர்த்துக்கிடலாமா?” என்று தாணுமாலயன் கேட்டார்.

“இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு. வயர்லெஸ்ல உதவி கேக்குறது எப்படின்னு நான் எழுதிட்டிருக்கேன். அதுவும் இதுல ஓடிட்டு வரட்டும். அப்புறம் சேர்ப்போம்.”

மதியம் நெருங்கியது. கீழே தெருவில் ததேயுஸ் குரல் கேட்டது. “டீச்சர்! கையேட்டைத் தாரீங்களா, இல்ல பழசையே வச்சுக்கிடவா? அங்க ஐசு உருகுது!”

டீச்சர் மளமளவென்று தட்டி முடித்தார். “அண்ணாச்சி, என் பக்கம் வந்துட்டு. ஓடவிடுங்க. நான் கீழ போயி அவரைக் கொஞ்சம் பிடிச்சு நிறுத்துறேன்,” என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

தாணுமாலயன் ஓடவிட்டார்.

நிரல் கத்தியது.

பக்கத்தை எழுதியவர் பெயர்: பிரிஜித்தா.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கைகாட்டிய இடத்தில் டீச்சர் ஒரு ஃபோல்டரின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார். சரியான இடம் எது என்று நிரலே கீழே சொல்லியிருந்தது. ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

மாடியில் வேறு யாரும் இல்லை, சாப்பிடப் போயிருந்தார்கள். கீழே படகுக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் மேலே கூப்பிட்டு, உங்கள் பக்கமே தப்பு என்று சொன்னால் டீச்சர் என்ன நினைப்பார்? நிரலில்தான் கோளாறு என்று தோன்றிவிட்டால்? இதையும் திருப்பி அனுப்பிவிட்டால்? ஒரு சொல்தான். மாற்றிவிட்டு, ‘ஓடியாச்சு டீச்சர், ஒரு சத்தம் கிடையாது’ என்று சொன்னால், இன்றைக்கே அவர் வேலை கடலுக்குப் போய்விடும்.

விரல் அந்தச் சொல்லின் பக்கம் போனது. எத்தனையோ உறைகளின் மேல் தானாகவே சரியான தெருப் பெயரை எழுதிப் பழகிய விரல்.

விரலை எடுத்துவிட்டார். எழுந்து மாடிப்படியின் மேல்முனைக்குப் போனார்.

“டீச்சர்!”

“என்ன அண்ணாச்சி, ஓடியாச்சா?”

“ஓடியாச்சு. திரும்பி வந்திருக்கு.”

“எது?”

தாணுமாலயன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “உங்க பக்கம்.”

கீழே ததேயுஸ் தொடையைத் தட்டுகிற ஓசை கேட்டது. “டீச்சருக்கே தபாலைத் திருப்பிட்டாரே மனுசன்!”

டீச்சர் படியேறி வந்தார். திரை முன்னால் நின்றபடியே வாசித்தார். நிரல் சொன்னதை நம்பாமல், தானே ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். முகம் லேசாகச் சிவந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அந்தச் சொல்லைத் தன் கையால் அழித்து எழுதினார். மறுபடி ஓடவிட்டார். நிரல் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் தாணுமாலயன் அனுப்பிய திருத்தத்தைத் திறந்து, ஒரு வரி விடாமல் மேலிருந்து கீழ்வரை படித்து, சேர்த்துக்கொள்கிறேன் என்ற பொத்தானை அழுத்தினார்.

கையேடு ததேயுஸ் போனுக்குப் போனது. அவர் தெருவில் நின்றே, போனில் நெட்டை அணைத்துவிட்டு, வயர்லெஸ் பக்கத்தைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். எஞ்சின் பக்கத்தையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

“எல்லாம் வருதுவோய்!” என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். “நீரு சட்டை எடுத்துட்டு வர வேண்டாம்!” என்று சொல்லி வண்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஜன்னல் வழியாக அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற தாணுமாலயன், வண்டிச் சத்தம் மறைந்த பிறகு திரும்பினார்.

“டீச்சர், என்னைச் சோதிக்கணும்னு வேணும்னே தப்பா எழுதினீங்களா?”

“இல்ல அண்ணாச்சி. அவசரத்துல எழுதினேன். நெசமாவே தப்பு.”

“ஒரே ஒரு சொல்லு. நானே மாத்தியிருக்கலாம். படகைக் காக்க வச்சு, அவரு முன்னால உங்களை மாடி ஏற வச்சுட்டேன். எம்மேல வருத்தம் ஒண்ணும் இல்லியே?”

டீச்சர் அடுத்த பக்கத்துக்காக வெற்றுத் திரை ஒன்றைத் திறந்துகொண்டிருந்தார்.

“நீங்க சத்தமில்லாம மாத்தியிருந்தா, என் தப்பு எனக்கு எப்படித் தெரியும்? இதையும் நான்தானே எழுதப்போறேன், அண்ணாச்சி.”